பன்னீர்ச் செம்பில் பால்

பாலை நான் கலக்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எதற்குக் கூடினாலும் சரி, பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "பன்னீர்ல பால் ஊத்தினவதானே நீ?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு முன்தலை நரைத்துவிட்டது. என் பெண்ணுக்கே மாப்பிள்ளை பார்க்கும் காலம். அந்தப் பால் மட்டும் இன்னும் என் தலையைவிட்டு இறங்கவில்லை. சென்ற மாதம் ஒரு வளைகாப்பில், அது நடந்த காலத்தில் பிறந்தே இராத ஒரு பையன் அந்தக் கதையை எனக்கே சொன்னான். பால் கறந்த மாட்டின் நிறத்தையும் சேர்த்துச் சொன்னான். இனியும் பொறுப்பதற்கில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

அப்போது பாகூரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டில் கொஞ்சம் கரும்பும் இருந்தன. என் சித்தப்பா சைகோனில், கப்பலில் வரும் சரக்குகளைச் சோதிக்கும் சுங்கச் சாவடியில் காவல் வேலை பார்த்தார். அதை அவர் சுங்கம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, பிரெஞ்சில் 'துவான்' என்றுதான் சொல்வார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். அந்த வருஷம் வைகாசியில் வந்தபோது ஒரு தோல் பெட்டியும், மடக்குக் குடையும், சதுரமான ஒரு கண்ணாடிப் புட்டியும் கொண்டுவந்தார். புட்டியின் மூடியும் கண்ணாடிதான். உள்ளே தேன் நிறத்தில் ஒரு திரவம். அதை மேலதிகாரியின் மனைவி ஊர் திரும்பும்போது பிரியத்தோடு கொடுத்துவிட்டுப் போனதாக அப்பாவிடம் சொன்னார். பெரிய கடையில் தானே தேர்ந்தெடுத்து வாங்கியதாக அம்மாவிடம் சொன்னார். இரண்டும் ஒரே நாளில் சொன்னவை. சித்தப்பாவின் வாயிலிருந்து வருவதை நம்பலாமா என்று யோசிக்க அன்றே இடம் இருந்தது. யாரும் யோசிக்கவில்லை.

என் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் எனக்கு வீட்டில் இருந்த பெயர் மோப்பக்காரி. கொடியில் காயும் துண்டை எடுத்து மோந்து பார்த்து யாருடையது என்று சொல்லிவிடுவேன். ரசம் கெட்டுவிட்டதா என்று சந்தேகம் வந்தால் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். கெட்டுவிட்டது என்று நான் சொன்னால், "ஆமா, பெரிய மூக்கு இவளுக்கு" என்று திட்டிக்கொண்டே சாக்கடையில் கொட்டுவாள். கெடவில்லை என்று சொன்னாலும் திட்டு உண்டு. நியாயம் என்பது எங்கள் வீட்டில் அந்த அளவில்தான் இருந்தது.

சித்தப்பா புட்டியைத் திறந்து வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு சொட்டு வைத்தார். "இதுக்குப் பேரு பர்ஃபேன். அத்தர்னு சொல்லிடாதீங்க, அது வேற, இது வேற" என்றார். அப்பா முகர்ந்துவிட்டு எலுமிச்சங்காய் என்று சொல்லித் தோளைத் துடைத்துக்கொண்டார். அம்மாவுக்குத் தும்மல் வந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்துவிட்டு உள்ளே போனாள். அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டில் எனக்கு மிகவும் வேண்டியவள்.

எனக்கு வைத்த சொட்டு சட்டையின் கைப்பகுதியில் விழுந்தது. முதலில் நாரத்தை இலையைக் கசக்கியது போல மூக்கில் சுருக்கென்று ஏறியது. நான் கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தபோது நாரத்தையைக் காணோம். பூக்காரி கூடையின் ஈரத் துணியை விலக்கும்போது எழும்புமே, சம்பங்கியும் மல்லிகையும் ரோஜாவும் ஒன்றாகக் கலந்த வாசம், அது இருந்தது. யாரோ என் சட்டையை மாற்றிவிட்டார்களா என்றுகூடப் பார்த்தேன். சாயங்காலம் விளக்கு வைக்கும்போது பூவும் போய்விட்டது. அதற்குக் கீழிருந்து வேறொன்று கிளம்பியது. சித்தப்பாவின் தோல் பெட்டிக்குள் தலையை விட்டது போல ஒரு வாடை. மழையில் ஊறிய மரப்பட்டை. அதற்கும் அடியில், கோயிலில் சாத்தும் புனுகைப் பச்சையாக மோந்தது போல, பூனை படுத்து எழுந்த சாக்கு போல ஒன்று. அது போகவே இல்லை. மறுநாள் காலையிலும் சட்டையில் இருந்தது.

எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. எங்களுக்குத் தெரிந்த வாசனை எதுவும் இப்படி நடந்துகொண்டதில்லை. சந்தனம் காய்ந்தாலும் சந்தனம்தான். மல்லிகை வாடினாலும் வாடிய மல்லிகைதான். இது மட்டும் ஒரே நாளில் மூன்று வேஷம் போட்டது. சித்தப்பாவிடம் கெஞ்சி இன்னும் சில சொட்டுகள் வாங்கிச் சோதித்தேன். ஒரு துணியை நெல் அறையின் இருட்டில் வைத்தேன், ஒன்றை வெயிலில் போட்டேன். இருட்டில் இருந்தது நிதானமாக மாறியது. வெயிலில் கிடந்தது, அம்மா உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள் பூனைச் சாக்குக்கு வந்துவிட்டது.

சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். "இது கடைசியில நாறுது சித்தப்பா."

"அடிங்க! பாரிசு சரக்குடி இது. வெள்ளக்காரிச்சிங்க இதைப் பூசிக்கினு பால் ஆடுறாளுங்க. ஒன் மூக்குக்குச் சாணிதான் சரி" என்றார். 'பால்' என்றால் வெள்ளைக்காரர்கள் ஆடும் நடனம் என்று அவரே விளக்கமும் சொன்னார். அவருக்கு அந்தக் கடைசி வாசனை தெரிந்திருக்க வழியில்லை. நாள் முழுவதும் சுருட்டுப் பிடிப்பவர் அவர். அம்மாவிடம் சொன்னேன், "மூக்கை வச்சிக்கினு சும்மா கெட" என்றாள். அப்பாவிடம் சொல்லும்போது அவர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஆக மூன்று பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. இதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேட்டவள் அத்தை ஒருத்திதான்.

அந்த நாட்களில் அத்தைக்கு ஏம்பலத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. கரும்பும் நெல்லும் நிறைய உள்ள குடும்பம். மாப்பிள்ளைக்கு முதல் மனைவி இறந்துபோய், இரண்டு பிள்ளைகள் இருந்தன. அப்பாவைவிட வயதில் மூத்தவர் என்று அம்மா சமையலறையில் சொன்னது என் காதில் விழுந்தது. "எனக்கு வேணாம் அண்ணி" என்று அத்தை சொன்னதும் விழுந்தது. "ஒங்க அண்ணன் வாக்குக் குடுத்துட்டாரு. அவராண்ட யாரு போய்ச் சொல்றது? நீ சொல்றியா?" என்றாள் அம்மா. அத்தை சொல்லவில்லை. அப்பாவிடம் எதிர்த்துச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். சம்மதித்துவிட்டாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

நிச்சயத் தாம்பூலத்துக்கு நாள் வைத்த பிறகு ஒருநாள் அத்தை கிணற்றடியில் என்னைப் பிடித்தாள்.

"இன்னாடி அது, மூணு வாசனைன்னு சொல்லிக்கினு திரியறியே?"

என் வெயில் துணியை எடுத்துக் காட்டினேன். முகர்ந்தவள் முகத்தைச் சுளித்துத் துணியைத் தூரப் பிடித்தாள். "த்தூ! ஆமாண்டி, நாறுது. ஆட்டுக்கெடா மாதிரி."

"பூனை" என்று திருத்தினேன்.

"ஏதோ ஒண்ணு. வேர்வை பட்டா?"

"இன்னும் சீக்கிரமா வந்துடும். சித்தப்பா துண்டை மோந்து பாரேன்."

"பட்டுத் துணியில?"

பட்டில் நான் பார்க்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு அவமானமாக இருந்தது. அத்தை தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய பட்டு ரவிக்கையின் கிழிந்த கையைக் கொடுத்து, பார்த்துச் சொல் என்றாள். பட்டு அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பருத்தியைவிடப் பட்டில் வாடை அதிகம் என்று போய்ச் சொன்னேன். "நல்ல மூக்குடி ஒனக்கு" என்றாள். என் மூக்கைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில், அவளுக்கு ஏன் இவ்வளவு விவரம் வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

நிச்சயத்தன்று காலை வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல். நுழைகிற இடத்தில் ஒரு மேஜை. அதன்மேல் சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளிப்பது வீட்டுச் சிறுபெண்ணின் வேலை என்பதால் அது எனக்கு வந்தது. பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு நின்றேன். அதற்குச் சற்று முன்புதான் வந்தவர்களின் காப்பிக்காகக் கொட்டிலிலிருந்து பால் செம்பைத் தூக்கி வந்து சமையலறையில் கொடுத்திருந்தேன். தூக்கும்போது கொஞ்சம் பாவாடையில் தெறித்திருந்தது. பால் என்று இந்தக் கதையில் எனக்குச் சம்பந்தப்பட்டது அந்தத் தெறிப்பு ஒன்றுதான்.

சித்தப்பா வந்தார். பன்னீர்ச் செம்பைத் திறந்து பார்த்தார். "பன்னீரா? இன்னா பட்டிக்காட்டுத்தனம்!" என்று நல்ல பன்னீரை வாழைமரத்து அடியில் கொட்டினார். உள்ளே போய்ப் புட்டியை எடுத்து வந்து முக்கால்வாசியைச் செம்பில் கவிழ்த்தார். செம்பு பாதிகூட நிறையவில்லை. குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

ஊற்றியதும் உள்ளே இருந்தது வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பால் போலவே இருந்தது. சித்தப்பா திடுக்கிட்டதை நான் பார்த்தேன். செம்புக்குள் எட்டிப் பார்த்தார், குடத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "அசல் சரக்குன்னா அப்படித்தான் வெளுக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மூடியைத் திருகினார்.

இதைப் பார்த்தது நான். பிறகு, கூடத்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த அத்தை. எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

சித்தப்பா போனதும் அத்தை ஜன்னல் வழியாகச் சீட்டியடிப்பது போல என்னைக் கூப்பிட்டாள். "தோ பாரு. மூஞ்சில தெளிக்காத, கண்ணு எரியும். துணி மேல தெளி. மாப்பிள்ளைக்கும், அவங்க அம்மா அப்பாவுக்கும் நல்லா தாராளமா. கஞ்சத்தனம் பண்ணக் கூடாது, இன்னா?"

"கடைசியில நாறுமே அத்தை?"

"அதுக்குள்ள தட்டு மாத்திட்டு வண்டியேறிடுவாங்க. நீ தெளி."

விருந்தோம்பலில் அத்தைக்கு இவ்வளவு அக்கறையா என்று வியந்தேன்.

ஏம்பலத்து வண்டிகள் வந்தன. நான் தெளித்தேன். எப்படிப்பட்ட வரவேற்பு! மாப்பிள்ளையின் அம்மா அரக்குப் பட்டுக் கட்டியிருந்த பெரிய உடம்புக்காரி. முந்தானையை மூக்கருகே கொண்டுபோய், "இன்னா வாசனை, இன்னா வாசனை! நம்ம பக்கத்துல இந்த மாதிரி பன்னீர் ஏது?" என்று நின்றுவிட்டார். "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று தோளைக் காட்டினார். போட்டேன். "தோ, இங்க" என்று முதுகைக் காட்டினார். அங்கேயும் போட்டேன். அவரே கேட்டு வாங்கியது இது. மாப்பிள்ளையின் அப்பா அங்கவஸ்திரத்தை விரித்துப் பிடித்தார். மாப்பிள்ளை மட்டும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். சித்தப்பா பந்தலின் நடுவில் நின்று சைகோன் துறைமுகத்தைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். பன்னீர் தன்னுடையது என்று அப்போது எல்லோரிடமும் சொன்னார். இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அத்தை சொன்னபடி சீக்கிரம் தட்டு மாற்றியிருந்தால் ஒன்றும் நேர்ந்திருக்காது. ஆனால் தட்டு வாங்க வேண்டியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் வரவில்லை. மதகடிப்பட்டிலிருந்து வரும் அவருடைய வண்டி வழியில் அச்சு முறிந்து நிற்பதாக ஓர் ஆள் வந்து சொன்னான். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற மாட்டோம் என்றார்கள். காத்திருந்தார்கள். வைகாசி வெயில். கீற்றுப் பந்தலுக்குள் காற்று இல்லை. காப்பி வந்தது, பந்தியும் முடிந்தது, மாமன் மட்டும் வரவில்லை. எல்லோருக்கும் வேர்த்து ஒழுகியது.

நடுவில் கொஞ்ச நேரம் பந்தல் முழுவதும் பூக்கூடை வாசனையாக இருந்தது. சிலர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். நான் மேஜையருகே நின்று, அடுத்து வரப்போவது தெரிந்து, மாமன் வண்டி வருகிறதா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மாப்பிள்ளையின் அப்பா தன் காலடியைப் பார்த்தார். செருப்பை வாசலில் விட்டதை நினைவுபடுத்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் காலடியைப் பார்த்தார். இன்னொருவர் எழுந்து, பந்தல் ஓரத்தில் படுத்திருந்த பூனையை விரட்டினார். பூனை போன பிறகும் வாடை போகவில்லை. மாப்பிள்ளை இடம் மாறி உட்கார்ந்தார். புது இடத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்துகொண்டார்கள்.

"குதிர லாயம் மாதிரி வருதே" என்றார் ஒருவர்.

"குதிர இல்ல, கெடா."

"எலி எங்கியோ செத்துக் கெடக்குது. கீத்துல பாருங்க."

அப்பா இரண்டு ஆட்களைப் பந்தல் மேல் ஏற்றினார். அவர்கள் கீற்றைக் கிளறத் தூசிதான் கொட்டியது. ஊர்க் குருக்கள் மட்டும், "புனுகு மாதிரின்னா இருக்கு, நன்னாத்தானே இருக்கு" என்றார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா தன் முந்தானையை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார்.

"ஐயய்யோ, எம்மேலதான்!" என்று அலறினார். "எம் பொடவயிலதான் நாறுது! பால் திரிஞ்ச நாத்தம்!"

வந்த பெண்களில் ஒருத்தி சொன்னாள். "அதான் பன்னீரு வெள்ளையா இருந்துச்சே! நான் அப்பவே நெனச்சேன், இன்னாடா இதுன்னு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என் பாவாடையைப் பார்த்தார்கள். பச்சைத் துணியில் பால் காய்ந்து வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"பால் ஊத்துனியாடி?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"பின்ன எப்படி வெள்ளையாச்சு?"

"தண்ணி ஊத்துனதுல ஆச்சு."

"தண்ணி ஊத்துனா வெள்ளையாவுமா? எந்த ஊரு தண்ணி?" என்று யாரோ சொல்ல, அந்த நாற்றத்திலும் சிலர் சிரித்தார்கள்.

"சித்தப்பாதான் ஊத்துனாரு. அவரைக் கேளுங்க. அவரும் பாத்தாரு."

சித்தப்பா பந்தல் காலில் கட்டியிருந்த வாழைக்குலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். சற்றுமுன் வரை பன்னீர் அவருடையதாக இருந்தது. இப்போது அந்தச் செம்பை வாழ்நாளில் கண்டதே இல்லை என்ற முகம். அப்பா அவரைப் பார்த்தார். சித்தப்பா மெதுவாக என்னிடம் வந்து, என் தலையில் கையை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கொழந்த, பயத்துல ஏதோ ஒளறுது. வெளையாட்டுப் புத்தி. உடுங்கண்ணே."

அவர் என்னை மன்னித்தார். நான் செய்யாத காரியத்துக்காக, அதைச் செய்தவர், ஊர் பார்க்க என்னை மன்னித்தார். அப்பா தலையில் வைத்த குட்டு மறந்துவிட்டது. சாயங்காலம் வரை கொட்டிலில் நிற்கச் சொன்னதும், லட்டு கொடுக்கக் கூடாது என்றதும்கூடப் பழகிய தண்டனைகள்தான். அந்த மன்னிப்பு மட்டும் இன்றுவரை நெஞ்சில் எரிகிறது.

ஒரு சாட்சி பாக்கி இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அத்தை அங்கேதான் இருந்தாள். எல்லாம் பார்த்தவள். என் கண்ணை நேராகப் பார்த்தாள். பிறகு நிச்சயத்துக்கு உட்கார்ந்த பெண் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே தலையைக் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "தட்டு மாத்தறதுக்கு முன்னாலயே இந்த வாடைன்னா, மாத்தின பொறவு இன்னா ஆவும்? எம் புள்ளைக்கு ஒரு தரம் பட்டதே போதும். கெளம்புங்க" என்றார். அப்பா கையைக் கூப்பிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். யாரும் நிற்கவில்லை. வண்டிகள் தெருமுனையில் திரும்பும்போது எதிரே தாய்மாமன் இன்னொருவர் வண்டியில் அவசரமாக வந்து சேர்ந்தார். அக்காளின் வண்டியில் ஒரு காலை வைத்தவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார். அவர் மேல் மட்டும் பன்னீர் தெளிக்கப்படவில்லை.

சித்தப்பா விடுப்பு முடிந்து கப்பலேறிவிட்டார். மீதிப் புட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். பல வருஷம் கழித்துப் புதுச்சேரியில் வாசனைப் பொருள் விற்கும் ஒருவரிடம் விசாரித்தேன். அந்தச் சரக்கைச் செய்வதே அப்படித்தானாம். சீக்கிரம் பறந்துபோவதை மேலே வைப்பார்கள், பூவை நடுவில், நெடுநேரம் தங்குவதை அடியில். புனுகும் தோலும் மரப்பாசியும் அடியில்தான் இருக்குமாம். சாராயத்தில் கரைந்த எண்ணெய்ச் சத்து தண்ணீர் பட்டால் வெளுக்கும் என்றும் சொன்னார். ஆக நான் ஒன்பது வயதில் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஒரு சின்னப் புட்டி வாங்கிவந்து, அடுத்த விசேஷத்தில் எல்லோரையும் கூட்டி, கண்ணெதிரே தண்ணீர் ஊற்றி வெளுக்கவைத்துக் காட்டினேன். "பாரேன், மறுபடியும் பால் ஊத்திட்டா!" என்று ஒருவர் கத்த, கூடமே சிரித்து உருண்டது.

அத்தையும் அங்கே உட்கார்ந்திருந்தாள். வில்லியனூரில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை, தன் வயதுக்கு ஏற்றவரை, அடுத்த வருஷம் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பவள். பால் கதை வரும்போதெல்லாம் அவள் வாய் நிறைய வெற்றிலையை வைத்துக்கொள்வாள். ஒருநாளும் எனக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் எந்தப் பந்தியிலும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். தன் இலை லட்டை எடுத்து என் இலையில் வைப்பாள்.

நிச்சயம் நின்றுபோன அன்று சாயங்காலம் கொட்டிலிலிருந்து என்னை விடுவித்து, அந்த வாடை போகக் குளிப்பாட்டும்படி அம்மா சொன்னாள். அத்தைதான் வந்தாள். "பாவம், கல்யாணம் நின்னுபோச்சு, இந்தச் சனியனைக் குளிப்பாட்டுது பாரு பொண்ணு" என்று பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னாள். கிணற்றடியில் அத்தை என் முதுகோடு ஒட்டி நின்று தண்ணீர் சேந்தினாள். அவள் தோள் குலுங்குவது என் முதுகில் தெரிந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழுகிறவளிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

"நீ பாத்தல்ல? சித்தப்பா ஊத்துனது ஒனக்குத் தெரியுமில்ல? ஏன் சொல்லல?"

அத்தை வாளியைக் கீழே வைத்தாள். நான் கழற்றிப் போட்டிருந்த சட்டையை எடுத்தாள். நாள் முழுவதும் தெளித்ததில் அதன் கைகள் ஊறிக் காய்ந்து, என்னாலேயே தாங்க முடியாத நாற்றம் அடித்தது. அதை இரண்டு கையாலும் முகத்தோடு சேர்த்து வைத்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"நாறுது அத்தை, அதைப் போடு."

"எங்கடி நாறுது? நல்லாத்தான் இருக்குது."

இதே வாடையைத்தான் சில நாள் முன்பு அவள் ஆட்டுக்கிடா என்று சொல்லித் தூரப் பிடித்தாள். பாவம், நன்றாக இருந்த மூக்கு, கல்யாணம் நின்றுபோன துக்கத்தில் கெட்டுவிட்டது என்று நான் முடிவு செய்தேன். அன்று எல்லோர் மேலும் இருந்த கோபத்தில் அவள் பங்கை மட்டும் தள்ளிவிட்டு, இனி ரசம் கெட்டதா இல்லையா என்று அத்தை எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று கவலைப்பட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தலையைக் குனிந்தேன். அவள் தண்ணீரை ஊற்றினாள்.